கலப்பையிலிருந்து தொடங்குங்கள்: சஃபோக் பன்ச் குதிரையைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்வது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் இருக்கிறோம். 10 வயது மகளுக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தயக் குதிரையும் கார்ட்டூன் குதிரையும்தான். இந்தப் பக்கத்துக்கே உரிய சஃபோக் பன்ச் என்ற உழவுக் குதிரையைக் காட்டலாம் என்று நினைக்கிறோம். எனக்கும் என் கணவருக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவ்வளவு பெரிய மிருகத்தின் பக்கத்தில் பிள்ளையை விடலாமா? அவள் ஏறிச் சவாரி செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் மகள் அந்தக் குதிரையைப் பலமுறை பார்த்திருப்பாள். இப்ஸ்விச் டவுன் கால்பந்து அணியின் சின்னத்தில் இருப்பது சஃபோக் பன்ச்தான். அதைக் காட்டி, "இது ஏன் இவ்வளவு குண்டாக இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த இனத்தை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. பெரிய குதிரை, அழகான குதிரை, அழிந்துவரும் குதிரை என்று சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைகள் ஐந்து நிமிடம் கேட்பார்கள், அவ்வளவுதான். அதன் உடம்பு எந்த வேலைக்காக அப்படி அமைந்தது என்று புரிந்துவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ஊர் இருக்கும் சஃபோக் மாவட்டத்தில் பல இடங்களில் கனமான களிமண். மழை பெய்தால் காலை விடாது. ஷையர் என்ற இன்னொரு ஆங்கிலேய உழவுக் குதிரைக்குக் குளம்பைச் சுற்றிக் கொத்தாகத் தொங்கும் மயிர் உண்டு. அந்த மயிரோடு களிமண்ணில் நாள் முழுக்க நடந்தால் ஒவ்வொரு காலிலும் சேற்றுருண்டை சேரும். சஃபோக் பன்ச்சின் காலில் அந்த மயிர் கிடையாது. வேலை முடிந்ததும் கழுவித் துடைப்பது சுலபம்.

அடுத்து தோள். குதிரை வண்டியையோ கலப்பையையோ இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், பக்கத்தில் நின்று பார்த்தால் அது தள்ளுவது தெரியும். கழுத்தைச் சுற்றி வைக்கோல் அடைத்த கனமான கழுத்துப்பட்டை இருக்கும். குதிரை தன் எடை முழுவதையும் முன்னால் சாய்த்துத் தோளால் அந்தப் பட்டையில் அழுத்தும். பட்டையில் மாட்டிய சங்கிலி கலப்பையை நகர்த்தும். கால் குட்டை, மார்பு அகலம், தோள் தாழ்வு என்பதால் அந்த உந்துதல் வீணாகாமல் சங்கிலிக்குப் போய்ச் சேருகிறது. பீப்பாய் போன்ற வயிற்றுக்கும் காரணம் உண்டு: நிறையத் தின்று வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உழைக்கலாம்.

மகளுக்குக் கணக்குப் பிடிக்குமானால் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு குதிரை பூட்டிய ஏரால் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் உழுவார்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. கலப்பை ஒரு தடவையில் கீறும் படைச்சாலின் அகலம் 9 அங்குலம் என்றால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? 11 மைல் வரும். பின்னால் கலப்பையைப் பிடித்துக்கொண்டு உழவரும் அதே 11 மைல் நடந்தாக வேண்டும்!

நிறத்தையும் அவள் கேட்பாள். இந்த இனத்தில் எல்லாமே செம்பழுப்புதான். கருஞ்சிவப்பிலிருந்து பொன்னிறம் வரை ஏழு சாயல்களைப் பிரித்துச் சொல்வார்கள். செம்பழுப்பு ஒடுங்கு பண்பு, அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். தாயும் தகப்பனும் அந்த நிறமாக இருந்தால் குட்டிக்கு வேறு நிறம் வர வழியில்லை. இன்றுள்ள சஃபோக் பன்ச் குதிரைகள் எல்லாவற்றின் ஆண்வழியும் 1768-இல் பிறந்த ஒரே பொலிகுதிரையில் போய் முடிகிறது. அது உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அஃபோர்டில் தாமஸ் கிரிஸ்ப் என்பவரிடம் இருந்தது. 1877-இல் சஃபோக் குதிரைச் சங்கம் தொடங்கியது. டிராக்டர் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. 1966-இல் பதிவான குட்டிகள் வெறும் 9. இன்றும் ஆபத்து நீங்கிவிடவில்லை. "அழிந்துவிடுமா?" என்று மகள் கேட்டால் மழுப்பாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

நேரில் பார்க்க, மே மாதக் கடைசியை ஒட்டி உங்கள் ஊர் டிரினிட்டி பார்க்கில் நடக்கும் சஃபோக் ஷோ என்ற விவசாயக் கண்காட்சி வசதியானது. பிடரி மயிரில் வண்ண நார் வைத்துப் பின்னிக் கொண்டுவருவார்கள். எனக்குக் கேட்டால் அந்த அலங்காரத்தைவிட இலையுதிர்காலத்து உழவுப் போட்டிகளைத்தான் பார்க்கச் சொல்வேன். ஏர் பூட்டிய குதிரை முதல் அடி எடுத்து வைக்கும்போது பின்தொடையையும் தோளையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஹோஸ்லியில் சஃபோக் பன்ச் டிரஸ்டின் குதிரைப் பண்ணை இருக்கிறது. பார்வையாளர்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது சாதுவான இனம், ஆனால் எடை ஒரு டன்னை நெருங்கும். கோபமே இல்லாமல் ஒரு காலை மாற்றி வைத்தால்கூடக் கீழே இருக்கும் விரல் நசுங்கும். செருப்போடு கூட்டிப் போகாதீர்கள். கெட்டியான பூட்ஸ் வேண்டும். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்கி, முதலில் தோளைத் தடவ வேண்டும். எடுத்தவுடன் மூக்கில் கை வைக்கக் கூடாது. காது பின்னால் ஒட்டிப் படுத்திருந்தால் விலகி நிற்க வேண்டும். பிடிகயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டால் கயிற்றோடு ஆளும் போவார். வயிற்றுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போவதும் வேண்டாம். கேரட் கொடுப்பதானால் வளர்ப்பவரிடம் கேட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து நீட்டலாம். இதையெல்லாம் பிள்ளைகள் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். போட்டோ எடுக்கிறேன் என்று பின்னாலேயே நடந்து இன்னொரு குதிரையின் பின்னங்காலருகே போய் நிற்பவர் பெரும்பாலும் அப்பாதான்.

சவாரி இப்போதைக்கு வேண்டாம். முதுகின் அகலத்துக்கு அவள் கால் இருபக்கமும் விரிந்து நிற்குமே தவிர, விலாவை அணைக்காது; தன் காலால் சைகை கொடுக்கவே முடியாது. தோள் உயரமே ஐந்தரை அடி என்பதால் விழுந்தால் அடியும் பலமாகப் படும். சவாரி கற்க அருகிலுள்ள பயிற்சிப் பள்ளியில் அவள் உயரத்துக்கேற்ற போனியில், அதாவது சிறிய வகைக் குதிரையில், பழகச் சேர்த்துவிடுங்கள். சஃபோக் பன்ச்சிடம் அவளுக்கு வேறு வேலை இருக்கிறது: வளர்ப்பவர் கூடவே நின்று, அனுமதித்தால், தோளையும் விலாவையும் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வதை மட்டும் பெரியவர்களே செய்யட்டும். அந்தக் காலின் எடையைத் தாங்க அவளால் முடியாது.