ஒன்பது வயதுப் பையன் பெயருக்குத் துப்பாக்கிக் கேட்லாக் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நாங்கள் டாலஸ் புறநகரில் வசிக்கிறோம். ஒன்பது வயதான என் மகன் நண்பனின் குடும்பத்தோடு ஒரு வேட்டைப் பொருள் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, ஒரு கடையில் குலுக்கல் சீட்டில் தன் பெயர், வயது, வீட்டு முகவரி, என் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது அவன் பெயருக்கே தபாலில் கேட்லாக் வருகிறது. சிறுவர்களுக்கான ரைபிள்கள், கார்ட்டூன் ஸ்டிக்கர்கள், 'உனக்குப் பிடித்த நிறத்தைத் தீட்டி அப்பாவிடம் காட்டு' என்று ஒரு பக்கம். இது சட்டப்படி சரியா? யாரிடம் புகார் செய்வது? இதற்கிடையே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அந்த நிறுவனத்தின்மீது கூட்டு வழக்கு வரப்போகிறது, 250 டாலர் பதிவுக் கட்டணம் கட்டிக் கையெழுத்திட்டால் நட்டஈடு கிடைக்கும் என்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் பணம் போகக்கூடும். கையெழுத்திடாதீர்கள், ஒரு டாலரும் கட்டாதீர்கள். காயமோ இழப்போ ஏற்படாத நிலையில், கேட்லாக் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக நட்டஈடு பெற்றுத்தரும் வழக்கு எதுவும் இல்லை. உண்மையான கூட்டு வழக்கில் சேர்வதற்கு யாரும் முன்பணம் கேட்பதில்லை. அதைவிட முக்கியமானது, அழைக்காமலே தொலைபேசியிலோ நேரிலோ வந்து வழக்குப் பிடிப்பது டெக்சஸில் குற்றம். வழக்கறிஞர் செய்தாலும் அவருக்காக ஆள் பிடிக்கும் தரகர் செய்தாலும் குற்றம்தான். இப்படி அணுகப்பட்டவர், ஒப்பந்தமே செய்துகொள்ளாவிட்டாலும், சிவில் வழக்குத் தொடுத்து 10,000 டாலர் தண்டத் தொகை கேட்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அந்த மனிதர் மறுபடி அழைத்தால் அவர் பெயரையும், எந்த வழக்கறிஞருக்காக அழைக்கிறார் என்பதையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு நின்றுவிடும்.

இந்த ஆட்களுக்கு உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். குலுக்கல் சீட்டில் பரிசு என்பது தூண்டில் புழு. கடைக்காரருக்கு வேண்டியது பட்டியல். அந்தப் பட்டியல் கைமாறும், விற்கப்படும், ஒரு கட்டத்தில் துப்பாக்கி விற்பவரிடமும் துப்பாக்கி நிறுவனத்தின்மீது வழக்குப் போடுவதாகச் சொல்பவரிடமும் ஒரே நேரத்தில் இருக்கும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக்கூடாது என்ற 1998ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் இணையத்தில் திரட்டுவதற்கு மட்டுமே பொருந்துகிறது. உங்கள் மகன் பென்சிலால் அட்டையில் எழுதியதால் அந்தச் சட்டம் அவனுக்குத் துணை வராது. இதே சீட்டை அவன் செல்பேசியில் நிரப்பியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும். இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் ஒன்றை யாராவது எனக்குச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இனி, கேட்லாக் அனுப்பியது சட்டப்படி சரியா என்ற கேள்வி. டெக்சஸில் அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. இதைக் கேட்டு நீங்கள் அதிர்ச்சி அடைவீர்கள் என்று தெரியும், ஆனால் சட்டம் எங்கே காவல் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதிர்ச்சி கொஞ்சம் குறையும், கோபம் கொஞ்சம் கூடும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு ரைபிள் விற்கக்கூடாது, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது. ஆனால் தந்தை ரைபிள் வாங்கி மகனுக்குப் பரிசாகக் கொடுப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கவில்லை. பிள்ளை ரைபிள் வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது என்று அது எதையும் சொல்லவும் இல்லை. ஆக, சட்டம் கல்லாப் பெட்டியின் அருகே காவல் நிற்கிறது. விளம்பரமோ வீட்டின் படுக்கையறைக்கே வந்துவிடுகிறது. வாங்க முடியாத வயதில் இருக்கும் ஒருவனிடம் பேசி, வாங்கக்கூடியவரை நச்சரிக்க அவனையே அனுப்புவதுதான் இந்த விற்பனை முறை. 'அப்பாவிடம் காட்டு' என்று அந்த வண்ணம் தீட்டும் பக்கத்தில் அச்சாகியிருப்பது வெறும் அலங்காரமல்ல, வணிகத் திட்டமே அதுதான். கேட்டால், நாங்கள் பெற்றோரிடம்தான் பேசுகிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும். வண்ணம் தீட்டும் பக்கத்தை எந்தப் பெற்றோருக்காக அச்சிட்டார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. வேட்டை இந்த மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். ஒன்பது வயதிலேயே வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் பெறலாம். பயிற்சி எடுக்கும் சிறுவன் தன் தோளுக்குப் பொருந்தாத பெரியவர்களின் ரைபிளைத் தூக்கித் தடுமாறுவதைவிட, அளவில் சிறியதும் ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடியதுமான ரைபிளை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கக் கையாள்வது பாதுகாப்பானது என்பது சரியான வாதம். ஆனால் அது அளவைப் பற்றிய வாதம்; விளம்பரத்தைப் பற்றியதல்ல. 2022 ஜனவரியில் ஒரு நிறுவனம் ராணுவத் துப்பாக்கி போலத் தோன்றும் ஏஆர்-15 ரைபிளின் சாயலில், இருபது விழுக்காடு சிறியதாக, இரண்டரைப் பவுண்டுக்கும் குறைந்த எடையில் ஜேஆர்-15 என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன் சின்னத்தில் இரண்டு மண்டையோடுகள் இருந்தன; ஒன்றுக்கு இரட்டைச் சடை, இரண்டின் வாயிலும் குழந்தைகள் சப்பும் ரப்பர் சூப்பான். கண்டனம் எழுந்த பிறகு அந்தச் சின்னம் விலக்கப்பட்டது. பிள்ளையின் தோள் அளவுக்கும் அந்தச் சூப்பானுக்கும் என்ன தொடர்பு?

சிகரெட் நிறுவனங்களைத் தடுத்தார்களே, இவர்களை ஏன் தடுக்க முடியவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். கேமல் சிகரெட் விளம்பரத்தில் வந்த ஜோ கேமல் என்ற கார்ட்டூன் ஒட்டகத்தின்மீது கூட்டரசு வர்த்தக ஆணையம் 1997இல் நடவடிக்கை தொடங்கியது. மறு ஆண்டில் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சிகரெட் நிறுவனங்கள் கார்ட்டூன் விளம்பரத்தையே கைவிட்டன. அந்தக் கயிறு இங்கே ஏன் கட்டவில்லை என்றால், சிறுவனுக்குச் சிகரெட் விற்பது சட்டவிரோதம், சிறுவன் பெரியவரின் மேற்பார்வையில் ரைபிள் சுடுவது சட்டப்படி சரி. கலிஃபோர்னியா 2022இல் சிறார்களைக் கவரும் துப்பாக்கி விளம்பரத்துக்குத் தடை விதித்து, ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் வரை தண்டம் என்று சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் அனுமதிக்கும் ஒரு செயலைப் பற்றிப் பேசுவதை இப்படித் தடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானதாகவே தோன்றுகிறது என்று கூறியது. இல்லினாய்ஸும் 2023இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. டெக்சஸ்வாசியான உங்களுக்கு அதனால் பயனில்லை.

நிறுவனத்தின்மீது வழக்கு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, துப்பாக்கியைப் பிறர் தவறாகப் பயன்படுத்தியதற்காகத் தயாரிப்பாளர்மீது தொடுக்கும் வழக்குகளில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. விற்பனை அல்லது விளம்பரம் குறித்த சட்டத்தைத் தெரிந்தே மீறியிருந்தால் மட்டும் ஒரு சிறு கதவு திறக்கும். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போய், அந்த ரைபிளைத் தயாரித்த ரெமிங்டன் நிறுவனத்தின் விளம்பர முறையைக் கேள்விக்குள்ளாக்கி, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் போராடி, 2022இல் 73 மில்லியன் டாலருக்குச் சமரசம் கண்டன. மரணத்தைச் சந்தித்த குடும்பங்களுக்கே அத்தனை ஆண்டு ஆனது. 250 டாலர் கட்டினால் காசோலை வரும் என்று சொல்பவரை இதோடு வைத்துப் பாருங்கள்.

புகார் செய்யுங்கள், ஆனால் அதிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். கூட்டரசு வர்த்தக ஆணையத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் இணையம் வழியாக நீங்களே, கட்டணமின்றி, கால் மணி நேரத்தில் புகார் பதியலாம். 'புகார் எழுதித் தருகிறோம்' என்று காசு வாங்குபவர்களிடம் போகாதீர்கள். ஆணையம் தனிப்பட்ட புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. ஒரே மாதிரிப் புகார்கள் குவிந்தால் விசாரிக்கும். இதைப் போன்ற ஒரு விஷயத்தில் ஓர் அலுவலகத்துக்கு நான் எட்டுப் பக்கம் எழுதினேன். பதினான்கு மாதம் கழித்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரி வந்தது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மட்டும் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கிறதா என்று பார்க்க இந்த நாட்டில் சட்டம் உண்டு. இளஞ்சிவப்பில் வரும் நிஜ ரைபிளைத் தொட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை.

கேட்லாகை நிறுத்த ஒரு வழி உண்டு. தபால் துறையின் 1500ஆம் எண் படிவம் என்று கேளுங்கள். ஆபாசத் தபால்களைத் தடுப்பதற்காக இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த படிவம் அது. அனுப்புநர் பெயரைக் குறிப்பிட்டு, இவரிடமிருந்து வரும் தபால் காமத்தைத் தூண்டுவதாக நான் கருதுகிறேன் என்று கையெழுத்திட்டால், இனி அனுப்பக்கூடாது என்று தபால் துறை அவருக்கு ஆணையிடும். துப்பாக்கிக் கேட்லாகுக்கும் காமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் 1970இல் உச்ச நீதிமன்றம் ரோவன் வழக்கில், எது அப்படிப்பட்டது என்று முடிவு செய்யும் உரிமை முழுக்க முழுக்கப் பெறுநருடையது, அந்த முடிவை வேறு யாரும் ஆராய முடியாது, ஒருவர் விரும்பாவிட்டால் துணிக் கேட்லாகைக்கூட நிறுத்தலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் துப்பாக்கி விளம்பரம் அனுப்பாதே என்று நேராகச் சொல்ல ஒரு படிவம் இல்லாத நாட்டில், இந்தச் சுற்றுவழிதான் நமக்கு வாய்த்தது. உங்களோடு வசிக்கும் பத்தொன்பது வயது நிரம்பாத பிள்ளைகளின் பெயர்களையும் அந்த ஆணையில் சேர்க்கும்படி கேட்கலாம். உங்கள் மகனின் பெயரை மறக்காமல் சேருங்கள். அனுப்புநர் கையில் ஆணை கிடைத்த முப்பதாவது நாளிலிருந்து அது நடைமுறைக்கு வரும். அதற்குள் இன்னொரு கேட்லாக் வந்தால் பதற வேண்டாம். அதற்குப் பிறகும் வந்தால், அது மீறல். எடுத்து வைத்துக்கொண்டு தபால் துறைக்குத் தெரிவியுங்கள். ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும். பட்டியல் விற்கப்பட்டிருந்தால் வேறு பெயர்களிலும் வரும். 'எல்லாப் பட்டியலிலிருந்தும் உங்கள் பெயரை நீக்கித் தருகிறோம்' என்று மாதச் சந்தா கேட்கும் சேவைகளிடம் உங்கள் மகனின் பெயரையும் வயதையும் கொடுத்தால், இன்னொரு பட்டியலில் அவனைச் சேர்த்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குத் துப்பாக்கி கொடுப்பது டெக்சஸில் குற்றம். அன்பளிப்பு என்றாலும் அப்படித்தான். நண்பனின் தந்தை நல்ல மனத்தோடு ஒன்றை நீட்டினால், சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மறுப்பை வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு மகன் விளையாடப் போகிறான் என்றால், துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, தோட்டா தனியே இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாத உணவு எது என்று கேட்கும் நண்பன் வீட்டார் இந்தக் கேள்வியையும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்லாகை மகன் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டுவிட நினைத்திருப்பீர்கள். வேண்டாம். 1500ஆம் எண் படிவத்தோடு, வந்த தபாலையும் அவன் பெயரும் முகவரியும் அச்சான பகுதி சிதையாமல் இணைக்க வேண்டியிருக்கும். ஸ்டிக்கர்களை அவன் ஏற்கெனவே சைக்கிளில் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, அவை தேவைப்படாது.