வீட்டு முன்னால் பத்தடி இடம்தான் இருக்கிறது, என்ன பூமரம் வைக்கலாம்?

என்னைக் கேட்டால் முதலில் பவழமல்லி. சாயங்காலம் மொட்டு விரிந்து இரவெல்லாம் மணக்கும். விடிவதற்குள் ஆரஞ்சுக் காம்போடு வெள்ளைப் பூக்கள் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. விட்டால் மாடி உயரம் போய்விடும். அதனால் மழைக்காலப் பூ ஓய்ந்ததும் தலைக்கு மேலே போகிற கிளைகளைக் கழித்துவிடுங்கள். புதுத் துளிரில்தான் அடுத்த பூ வரும்.

அரைநிழலான இடம் என்றால் நந்தியாவட்டை. பராமரிப்பே பெரிதாகத் தேவையில்லை.

மதிலோரத்துக்கு இட்லிப்பூ அழகு. ஆனால் சுண்ணாம்புச் சத்து கூடிய மண்ணில் அதன் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாகிவிடும். தண்ணீர் போதவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் மண்ணிலுள்ள இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியாததுதான் காரணம். மக்கிய தொழுவுரம் நிறையப் போடுங்கள். இலைவழியாக இரும்புச் சத்துத் தெளித்தால் சீக்கிரம் தேறும்.

சின்னக் குழந்தைகளோ ஆடு மாடுகளோ உள்ள வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம். செடி முழுக்க விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை உயிரையே பறிக்கும். அந்த மஞ்சள் நிறம்தான் பிடிக்கிறது என்றால் நர்சரியில் தங்கரளி (டெக்கோமா) கேளுங்கள். பேரில் அரளி இருந்தாலும் அது வேறு குடும்பம். சாலை நடுவே கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்குமே, அதுதான்.