ஒருவரையும் வாங்காத கோடை

கேள்வி இதுதான்: "தங்கள் குழு புது ஆட்டக்காரர்களை வாங்கவில்லை என்றால் காற்பந்து ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? இருப்பவர்களை வைத்து ஜெயித்தால் போதாதா? அதுவும் சிங்கப்பூரில் இருந்துகொண்டு லண்டன் குழுவுக்காக?"

நான் டோட்டன்ஹம் ஹாட்ஸ்பர், சுருக்கமாக ஸ்பர்ஸ், குழுவின் ரசிகன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களைவிடப் பொருத்தமானவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. 2018 கோடையில் எங்கள் குழு ஒரே ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. டிரான்ஸ்ஃபர் விண்டோ என்று ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் ஒரு காலத்தை ஒதுக்கும் முறை வந்த பிறகு, ஒரு முழுக் கோடையையும் அப்படிக் கழித்த முதல் பிரிமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்) குழு நாங்கள்தான்.

அந்தக் கடைசி நாள் ஆகஸ்ட் 9. சிங்கப்பூரர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு பிரிமியர் லீக் குழுக்கள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தன: லீக் தொடங்குவதற்கு முன்பே வாங்கும் காலத்தை முடித்துவிட வேண்டும். அதனால் வழக்கமான ஆகஸ்ட் இறுதிக்குப் பதிலாக 9ஆம் தேதி மாலை 5 மணிக்குக் கதவு அடைபட்டது. இங்கே அது சரியாக நள்ளிரவு 12 மணி.

வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைய பேர். மரீனா பே மிதக்கும் மேடையில் நடந்த தேசிய தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கையில் சின்னக் கொடிகளோடு ஹாலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியோடு தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். எங்கள் புளோக்கில் மாடிக்கு மாடி கொடி தொங்கியது. ஆஸ்டன் வில்லாவின் ஜாக் கிரீலிஷ் வருவார் என்று வாரக்கணக்கில் பேச்சு. வில்லா அப்போது பணநெருக்கடியில் இருந்தது, விற்றே ஆகவேண்டிய நிலை. ஆனால் ஜூலையில் அந்தக் குழுவுக்குப் புது முதலாளிகள் வந்துவிட்டார்கள். விற்கவேண்டிய கட்டாயம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் இன்னும் கொஞ்சம் விலை குறையும், இன்னும் கொஞ்சம் குறையும் என்று காத்திருந்த நேரத்தில் கடையே கைமாறிவிட்டது.

மணி 12 ஆனது. ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து என் தாய்மாமா போன் செய்தார். என்னை ஸ்பர்ஸ் ரசிகனாக்கியவர் அவர்தான். 1981 எஃப்ஏ கிண்ண இறுதி மறு ஆட்டத்தில் அர்ஜென்டினாக்காரர் ரிக்கி வியா மான்செஸ்டர் சிட்டியின் தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டிப்போய் அடித்தாரே, அந்த கோலைப் பற்றி நான் சிறுவனாக இருந்தபோது நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு கோடையிலும் அவர் கேட்பது ஒரே கேள்வி, "யாருப்பா வந்தா?" அன்றைக்கும் அதையே கேட்டார்.

"யாரும் வரல மாமா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தூங்கு, காலைல வேலை இருக்குல்ல" என்று வைத்துவிட்டார். மாமா கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இதில் என்ன வலி என்று புரிய அந்தக் கோடையின் நிலைமை தெரியவேண்டும். ரஷ்யாவில் உலகக் கிண்ணம் நடந்து முடிந்திருந்தது. அரையிறுதிக்கு வந்த குழுக்களில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். இங்கிலாந்துக்கு ஹேரி கேன், டெலி அலி, எரிக் டையர், டிரிப்பியர், டேனி ரோஸ். பெல்ஜியத்துக்கு ஆல்டர்வைரல்ட், வெர்டோங்கன், டெம்பெலே. பிரான்சுக்குக் கோல் காப்பாளர் லோரிஸ், அவர் கிண்ணத்தையே தூக்கியவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஜூலை 14. எங்களுடைய முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட் 11, நியூகாசலில். நான்கே வாரம். இது போதாதென்று எங்கள் தென்கொரிய ஆட்டக்காரர் சோன் ஹியுங் மின் அந்த முதல் ஆட்டம் முடிந்ததும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக இந்தோனீசியாவுக்குக் கிளம்பினார். தங்கம் வென்றால்தான் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. வென்றார். தேசிய சேவை செய்த எங்களுக்கு அவருடைய தவிப்பு நன்றாகவே புரிந்தது, அதில் யாருக்கும் குறை இல்லை.

ஆனால் இப்படிக் களைத்த ஒரு குழுவுக்குப் புது ரத்தம் வேண்டும் என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும். பயிற்றுநர் பொச்செட்டினோவுக்கு நன்றாகவே தெரியும். மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு, குழு துணிச்சலாக நடந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். பிறகு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அவர் போட்டதால் நாங்களும் நம்பினோம்.

பணம் இல்லையா என்றால், பணம் எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். புது விளையாட்டரங்கம். அறுபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், செலவு நூறு கோடி பவுண்டை ஒட்டி. நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். அடுத்த ஐம்பது ஆண்டுக்கான வீடு அது. ஆனால் வீடு கட்டுகிறோம் என்பதற்காக அடுப்பை அணைத்துவிட முடியாது. அந்த அரங்கமும் சொன்ன நேரத்துக்கு முடியவில்லை. 2018 செப்டம்பரில் திறப்பதாக இருந்தது, 2019 ஏப்ரல் 3ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை வெம்பிளியில் வாடகைக் குடித்தனம்.

சரி, இப்போது கேள்வி கேட்டவர் சொல்லக்கூடிய நியாயமான வாதத்துக்கு வருகிறேன். யாரையும் வாங்காத அதே பருவத்தில்தான் ஸ்பர்ஸ் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, ஐரோப்பாவின் தலைசிறந்த குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. அப்படியென்றால் கோபப்பட்டவர்கள் எல்லாரும் தவறு, நிர்வாகம் சரி, அப்படித்தானே?

ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் குழுவுக்கு எதிராக நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை நான் இருக்கும் காலம் வரை மறக்கமாட்டேன். அதிகாலை 3 மணிக்குத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்று, இந்த ஆட்டத்தின் இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கி, கேன் காயத்தில் வெளியே. லூக்காஸ் மோரா மூன்று அடித்தார். மூன்றாவது, 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த சில நிமிடங்களின் கடைசி மூச்சில். பிள்ளைகள் எழுந்துவிடுவார்களே என்று தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினேன். அழவும் செய்தேன். அந்த லூக்காஸ்தான் நாங்கள் கடைசியாக வாங்கிய ஆள், 2018 ஜனவரி 31ல். அந்த ஒரு கடைசி நாள் வாங்கல்தான் எங்களை இறுதி ஆட்டம் நடந்த மட்ரிட் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. வாங்காமலே சாதித்தோம் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லிவர்பூலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை உட்லண்ட்ஸில் என் மச்சான் வீட்டில் பார்த்தேன். மனைவியின் அண்ணன், லிவர்பூல் ரசிகர். ஜூன் 2, ஞாயிறு விடியற்காலை 3 மணி. அரை நிமிடம்கூட ஆகவில்லை, பந்து எங்கள் சிசோக்கோவின் கையில் பட்டுவிட்டது. பெனால்டி. சாலா அடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் மோசமாக ஆடவில்லை. கடைசிக் கட்டத்தில் சோன் அடித்தார், லூக்காஸ் அடித்தார், எரிக்சன் ஃப்ரீ கிக் அடித்தார். எல்லாவற்றையும் ஒரே ஆள் தடுத்தார், லிவர்பூலின் கோல் காப்பாளர் அலிசன். 87வது நிமிடத்தில் ஒரிகி இரண்டாவதைப் போட்டு முடித்துவைத்தார்.

மச்சான் குதிக்கவில்லை. எனக்குத் தே ஓ ஒன்று கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்ள, போன வருஷம் இதே நாற்காலில நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனா அந்தக் கோடைலயே எங்களுக்கு ஒரு கீப்பர வாங்கிக் குடுத்துட்டாங்க" என்றார்.

இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு அந்த விடியற்காலையில்தான் கிடைத்தது. 2018 இறுதி ஆட்டத்தில் கீவ் நகரில் ரியால் மட்ரிட்டிடம் லிவர்பூல் தோற்றபோது அவர்களுடைய கோல் காப்பாளர் காரியஸ் செய்த பிழைகள் உலகமே பார்த்தவை. ஓட்டை எங்கே என்று தெரிந்தது. அந்தக் கோடையிலேயே ரோமாவிலிருந்து அலிசனைக் கொண்டுவந்தார்கள், ஒரு கோல் காப்பாளருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. நடுத்திடலுக்கு ஃபபின்யோ வந்தார், அவரும் மட்ரிட்டில் ஆடினார். எங்கள் ஓட்டையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அது நடுத்திடல். அதை அடைக்க யாரும் வரவில்லை. போதாததற்கு 2019 ஜனவரியில் டெம்பெலேயைச் சீனாவுக்கு விற்றார்கள், அவருக்குப் பதிலாகவும் யாரும் வரவில்லை. ஒரே கோடையை இரண்டு விதமாகச் செலவழித்த இரண்டு குழுக்கள் அந்த இரவில் எதிரெதிரே நின்றன.

இறுதி ஆட்டத்தின் பளபளப்பை விட்டுவிட்டு லீக் புள்ளிகளை மட்டும் பாருங்கள். 2016-17ல் 86. அடுத்த பருவம் 77. ஒருவரையும் வாங்காத பருவம் 71, பதின்மூன்று தோல்வி. அதற்கடுத்து 59. வாங்காத கோடைக்கான பில் அந்தப் பருவமே வராது, அடுத்த பருவம்தான் வரும். 2019 அக்டோபரில் பாயர்ன் மியூனிக் எங்கள் புது அரங்கத்திலேயே 7-2 என்று அடித்துவிட்டுப் போனது. நவம்பர் 19ஆம் தேதி, குழு லீக்கில் பதினான்காவது இடத்தில் இருந்தபோது, பொச்செட்டினோவை நீக்கினார்கள். துணிச்சல் வேண்டும் என்று கேட்ட மனிதரிடமே கடைசியில் பில்லை நீட்டினார்கள். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

அதற்காக, ரசிகர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம் என்று நினைக்கவேண்டாம். 2025 கோடையில் குடுஸ் வந்தார், சாவி சிமன்ஸ் வந்தார், பெரும் பணம் செலவானது. எபெரெச்சி எஸே எங்களுக்கு வரவேண்டியவர், கடைசி நேரத்தில் ஆர்சனலுக்குப் போய்விட்டார். அதுவும் எங்கள் பரம எதிரியான ஆர்சனலுக்கு! அன்றைக்கு எரிச்சல்தான், ஆனால் ஒரு வாரத்தில் ஆறிப்போனது. முயற்சி செய்தார்கள், கைநழுவியது, அவ்வளவுதான். 2018ல் எங்களை அரித்தது வேறு. உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று குழுவே சொல்வதுபோல் இருந்தது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். லண்டன் ரசிகர் கோபம் வந்தால் அரங்கத்தில் எழுந்து நின்று கூச்சல் போடலாம், பருவச் சீட்டைப் புதுப்பிக்காமல் விடலாம். முதலாளி காதில் அது விழும். எங்கள் குரல் எங்கேயும் போய்ச் சேராது. நாங்கள் கொடுப்பது மாதச் சந்தாவும் தூக்கமும். புதன் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, 5 மணிக்கு ஆட்டம் முடிந்து, 6 மணிக்கு எம்ஆர்டி ஏறுகிற ஆள் அந்தக் குழுவிடம் திரும்பக் கேட்பது மிகச் சிறியது. நானும் இதற்காக உழைக்கிறேன், நீயும் உழை. அது நடக்கவில்லை என்று தெரியவருகிற நாள்தான் டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள். மற்ற நாள்களில் எல்லாம் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

லூக்காஸை வாங்கி 517 நாள் கழித்து, 2019 ஜூலை 2ஆம் தேதி, கடைசியில் ஆள் வந்தார். பிரெஞ்சு நடுத்திடல் ஆட்டக்காரர் டங்கி எண்டோம்பெலே, குழு அதுவரை கொடுத்ததிலேயே அதிக விலை. பிற்பாடு அவர் ஸ்பர்ஸில் நிலைக்கவில்லை என்பது தெரிந்த கதை. ஓராண்டு முன்பே, குழு நிமிர்ந்து நின்ற காலத்தில், பொச்செட்டினோவின் கையில் அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் என்று நினைத்து நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

ஆனால் அவருடைய முதல் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? இங்கே. காலாங்கில், நம் தேசிய விளையாட்டரங்கத்தில், ஜூலை 21, ஞாயிறு மாலை, யுவென்டஸுக்கு எதிராக. மாமாவுக்கு முழங்கால் வலி. டாக்சியில் கூட்டிப்போய், நானும் என் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படியேற்றினோம். நாற்பது ஆண்டுக்கு அருகில் அந்தக் குழுவை நேசித்த மனிதர், நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொனால்டோ அடித்து யுவென்டஸ் 2-1 என்று முன்னணியில் இருந்தபோது, எண்டோம்பெலே திடலோரத்தில் வந்து நின்றார்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"இவன்தானா?"

"இவர்தான் மாமா."

உள்ளே வந்த சற்று நேரத்திலேயே அவர் தள்ளிக் கொடுத்த பந்தை லூக்காஸ் வலைக்குள் அனுப்பினார். கடைசி நிமிடத்தில் கேன் பாதித் திடலிலிருந்து தூக்கி அடித்து 3-2 என்று ஜெயிக்கவைத்ததைத்தான் எல்லாரும் இன்றும் பேசுகிறார்கள். மாமா வீடு திரும்பும்வரை பேசியது அந்த இரண்டாவது கோலைப் பற்றித்தான். டாக்சியில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "வந்துட்டாம்ப்பா" என்றார்.