தக்காளி நாற்று சாய்கிறது, கொத்தமல்லி முளைக்கவில்லை: ஒரு மாடித்தோட்டக் கேள்வி

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம், மொட்டை மாடியில் கொஞ்சம் தொட்டிகள் வைத்திருக்கிறேன். யூடியூப் பார்த்து வைகாசி கடைசியில் குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, தக்காளி விதை போட்டு, சமையலறை ஜன்னல் ஓரம் வைத்தேன். நன்றாக முளைத்தது. ஆனால் நாற்று வெளுத்துப்போய் நீளமாக வளர்ந்து சாய்கிறது, கொஞ்சம் நாற்று ஒரே ராத்திரியில் படுத்தும் விட்டது. தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறேன். கொத்தமல்லி போட்டு 20 நாளாகியும் ஒன்றிரண்டுதான் முளைத்தது. புதினா விதை ஆன்லைனில் வாங்கினேன், ஒன்றுமே வரவில்லை. பேசாமல் கடைத் தக்காளியில் இருந்து விதை எடுத்துப் போடலாமா? போன வருடம் நர்சரியில் வாங்கி வைத்த தக்காளி எல்லாம் இலை சுருண்டு வீணாகப் போனது, அதற்கும் வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: விதையைக் குறை சொல்ல முடியாது அம்மா, தக்காளி விதை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கோளாறு அந்த ஜன்னல் ஓரத்தில்தான். நீங்கள் பார்த்த வீடியோ குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்ததாக இருக்கும், இல்லை அதைப் பார்த்து நம் ஆட்கள் எடுத்ததாக இருக்கும். அங்கே வெளியே உறைபனி, அது விலகுவதற்கு ஆறு எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் விதை போட்டு, மேலே விளக்கு எரியவிட்டு, சிலர் தட்டுக்கு அடியில் சூடும் கொடுத்து நாற்று வளர்க்கிறார்கள். தக்காளி முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். திருச்சியில் அதற்கு என்ன பஞ்சம், வைகாசியில் வேண்டியதற்கு மேலேயே அடிக்கிறது. நம் ஊரில் நாற்றை வீட்டுக்குள் வைக்க ஒரு காரணமும் கிடையாது.

உங்கள் தட்டில் இரண்டு வேறு வேறு பிரச்சினை இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளுத்து நீண்டு சாய்வது வெளிச்சம் போதாததால். நாற்று வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது, தண்டு தடிக்க நேரமில்லை. இது நோய் இல்லை, காப்பாற்றிவிடலாம். ஒரே ராத்திரியில் படுத்தது நாற்றழுகல். அந்த நாற்றின் அடித்தண்டை, மண்ணை ஒட்டிய இடத்தில் பாருங்கள், நீர் கோத்து நூல் போலச் சுருங்கியிருக்கும், மேலே இலை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம் போன்ற பூஞ்சணங்களின் வேலை இது, அதற்குப் பிடித்தது நிழலும் ஓயாத ஈரமும். மூன்று வேளை தெளிப்பு அதற்குத்தான் விருந்தாகப் போயிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. விழுந்த நாற்றையும் அந்தக் குழியில் இருக்கிற நார்க்கழிவையும் சேர்த்து எடுத்து வெளியே போடுங்கள், தொட்டியில் போட வேண்டாம். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் சூடோமோனாஸ் பொடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்குகிற நல்ல பாக்டீரியா) 10 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேர் நனைகிற மாதிரி ஊற்றுங்கள். அதற்கும் அடங்காமல் பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றலாம், ஆனால் அதை ஊற்றிய கையோடு சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா (இது நன்மை செய்கிற பூஞ்சணம்) எதையும் கொடுக்காதீர்கள், மருந்து இந்த நல்ல நுண்ணுயிர்களையும் பாதிக்கும், காசு வீண். தட்டை மாடிக்குக் கொண்டு போங்கள், நேராக உச்சி வெயிலில் வைத்துவிடாமல் முதல் மூன்று நாலு நாள் காலை வெயில் மட்டும், பிறகு 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, கடைசியில் வலையும் இல்லாமல். ஜன்னலில் வளர்ந்த இலை திடீரென்று வெயிலைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கருகிவிடும்.

நீண்டுபோன, ஆனால் அடித்தண்டு நன்றாக இருக்கிற நாற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். அதனால் தொட்டியில் நடும்போது விதையிலைகளை (முளைத்ததும் முதலில் வருகிற இரண்டு இலை) கிள்ளிவிட்டு, மேலே நாலைந்து இலை மட்டும் தெரிகிற அளவு ஆழமாக நடுங்கள், தண்டு ரொம்ப நீளம் என்றால் சற்றுப் படுக்க வைத்துப் புதைத்தாலும் சரி. இந்த வித்தையைக் கொத்தமல்லியிடம் காட்டாதீர்கள், அழுகிவிடும்.

இருந்தாலும் என் யோசனை, இந்தத் தட்டில் தேறியதை நட்டுவிட்டு, ஆடியில் புதிதாக ஒரு தட்டு போடுங்கள். சித்திரை, வைகாசியில் போட்டு வளர்க்கிற தக்காளி பூத்தாலும் காய் நிற்பது கஷ்டம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் வெக்கை குறையாவிட்டால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். அதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று ஆளாளுக்கு எதையாவது கொட்டுவார்கள். ஆடியில் விதைத்தால் காய்ப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். அடைமழையைச் சமாளிக்க முடியாதவர்கள் கார்த்திகையில் போடலாம், மாடியில் எனக்குப் பிடித்த பருவம் அதுதான்.

விதைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும், கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வேப்பம்புண்ணாக்கு, ஒரு கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் சொட்டாத பதத்தில் நிரப்புங்கள். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். முளைக்கும் வரை மூடி வைக்கலாம். ஒன்றிரண்டு தலை தெரிந்ததுமே, எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருக்காமல், மூடியை எடுத்து வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு நாளில்தான் நாற்றைக் கெடுக்கிறார்கள். தண்ணீர் காலையில் ஒரு வேளை, வெயில் கொடூரமாக இருந்தால் மதியம் மூன்று மணி வாக்கில் இன்னொரு முறை, சாயங்காலம் வேண்டவே வேண்டாம். ராத்திரி மேல்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். நார்க்கழிவில் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விதையிலைக்குப் பிறகு வருகிற உண்மையிலை இரண்டு வந்ததும் வாரம் ஒருமுறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 10 மில்லி, அல்லது 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் போதும். சுமார் 25 நாளில் நடலாம்.

நடுவதற்கு ஒரு செடிக்கு 15 லிட்டராவது மண் பிடிக்கிற பை. ஐஸ்கிரீம் டப்பாவில் தக்காளி வளர்த்துப் படம் போடுகிறவர்கள் காய்ப்புப் படத்தைப் போட மாட்டார்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. சாயங்காலம் நடுங்கள், அன்றே குச்சியும் ஊன்றிவிடுங்கள். காய்க்கும்போது ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் காயின் அடிப்பக்கம் கருப்பாகக் குழி விழும். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணீர் ஒழுங்காக இல்லாவிட்டால் காய்க்கு ஏறாது, முதலில் தண்ணீரைச் சீராக்குங்கள்.

கடைத் தக்காளி விதை போடலாமா என்றால், முளைக்கும், காய்க்கவும் காய்க்கும். ஆனால் கெட்டித்தோலோடு லாரியில் வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டுரகம், அதன் விதையில் இருந்து வருகிற செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வேடிக்கைக்கு ஒன்றிரண்டு வைத்துப் பாருங்கள், ஒரு பருவத்தையே அதை நம்பி ஓட்டாதீர்கள். உழவர் சந்தையில் புளிப்பான நாட்டுத் தக்காளி கிடைத்தால் அது வேறு கதை, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தாய் மாதிரியே வரும். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை அந்தக் கொழகொழப்போடு ஒரு கிண்ணத்தில் போட்டு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிடுங்கள். அந்தச் சவ்வில் முளைப்பைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, புளித்தால் போய்விடும். அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். விலைக்கு வாங்குவதாக இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம் 1 கேளுங்கள். அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் இருந்து வந்தது, தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சை தெரியும், ரசத்துக்கு அதுதான். விதையைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும்.

போன வருட இலைச்சுருட்டல் விஷயம். வெயில் நேரத்தில் அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, செடி வழக்கம்போல் வளர்ந்தால் அது வெப்பத்துக்கு, விட்டுவிடலாம். நுனி இலைகள் சிறுத்து, மஞ்சளடித்துச் சுருண்டு, செடி குட்டையாகப் புதர் மாதிரி நின்றால் அது இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, யார் என்ன பாட்டிலைக் காட்டினாலும் வாங்காதீர்கள், பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். நாற்றுப் பருவத்திலேயே தொற்றினால்தான் பெரிய நட்டம், உங்களுக்கு வாங்கும்போதே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் நாற்றை நீங்களே விடுவது நல்லது என்கிறேன். தட்டின் மேல் 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை போட்டு மூடுங்கள், சாதாரணக் கொசுவலைக் கண்ணில் வெள்ளை ஈ சுலபமாக நுழையும். நட்ட பிறகு மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலக்கி இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் இந்த வைரஸைத் தாங்குகிற ஒட்டுரகம், தொல்லை ஓயாவிட்டால் அதைப் போடுங்கள், விதை மட்டும் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும்.

சரி, கொத்தமல்லி. முழுசாக அப்படியே போட்டீர்களா? அந்த உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. துணியில் பரப்பிப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, 12 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, வளரப்போகிற தொட்டியிலேயே நேராகத் தூவுங்கள். குழித்தட்டும் வேண்டாம், நாற்று எடுத்து நடுவதும் வேண்டாம், ஆணிவேர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு சென்டிமீட்டர் மண்ணால் மூடி, ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், 8 முதல் 15 நாளில் முளைக்கும், அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். மளிகைக்கடை மல்லியே போதும், புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வெக்கையில் முளைத்தாலும் நாலு இலை விட்டுப் பூவுக்குப் போய்விடும். விருதுநகர், தூத்துக்குடி கரிசலில் மழையை நம்பி மல்லி விதைக்கிறவர்கள்கூட ஐப்பசி வரை பொறுத்திருப்பார்கள். அதுவரை அந்தத் தொட்டியில் வெந்தயம் தூவுங்கள், மூன்று நாலு வாரத்தில் கீரை கிள்ளலாம்.

திருநீற்றுப்பச்சிலை ஆசை இருந்தால் நாட்டுமருந்துக் கடை சப்ஜா விதையே முளைக்கும். அதை மட்டும் ஊறவைக்காதீர்கள், கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு தூவ வராது. காய்ந்த விதையை மண் மேல் தூவி, தண்ணீரைப் பூவாளியால் இல்லாமல் கைத்தெளிப்பானால் கொடுங்கள். பூங்கதிர் தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிவிட்டால் இலை வந்துகொண்டே இருக்கும்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். காய்கறிக்கடையில் ஒரு கட்டு வாங்கி, இலையைச் சட்னிக்கு எடுத்துக்கொண்டு, தடித்த தண்டாக நாலைந்தை நுனியில் இரண்டு இலையோடு தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் தெரியும். அகலமான தொட்டியில் நட்டு, மாடிப்படி ஓரம் மாதிரி மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள். தக்காளித் தொட்டியில் மட்டும் நடாதீர்கள், அடியிலேயே ஓடிப் பரவி முழுத் தொட்டியையும் பிடித்துக்கொள்ளும்.