கீபோர்ட்டை அலுமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள், ஐயா

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்கள் சொன்ன ஒன்று இன்னும் காதில் நிற்கிறது: "கணிதப் பிரிவு படிக்கிற பிள்ளை, ஜாஸ் என்று ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறான். கீபோர்ட்டைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்." தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு 41 புள்ளி வந்தால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும்தான். ஏற்றிவைத்த பிறகு புள்ளியும் ஏறியதா என்று கேட்டேன். நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

மகனின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தையும் கைத்தொலைபேசியில் காட்டி, "எல்லாம் இந்த ஆளால் வந்தது" என்றீர்கள். அவர் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக். அவர் கதையைக் கேட்டால், உங்கள் கட்சிக்கும் அவரைச் சாட்சியாக அழைக்கலாம் என்று தோன்றும்.

1940 இல் சிக்காகோவில் பிறந்தவர். 11 வயதில் அந்த நகரத்தின் சிம்பொனி வாத்தியக் குழுவோடு மேடையேறி மோட்சார்ட் வாசித்த பிள்ளை. அப்படிப்பட்டவர் ஐயோவா மாநிலத்தின் கிரின்னல் கல்லூரிக்குப் போனபோது எடுத்த பாடம் மின் பொறியியல். இரண்டு ஆண்டுகள் அதைப் படித்த பிறகே இசையமைப்புக்கு மாறினார். படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் என்ன வேலை பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் 30 ஆண்டுகள் இருந்த அதே துறைதான். பகலில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார். இரவில் பியானோ வாசித்தார். உடம்பு தாங்கவில்லை, வேலையை விட்டார். தபாற்கந்தோரில் இருந்தவருக்கு இதன் களைப்பு விளங்கும்.

நியூயோர்க்குக்கு அவரை அழைத்துப்போனவர் ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட். பேர்ட் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை எல்லா மாணவர்களுக்கும் நான் சொல்வதுண்டு. 1962 இல் ஹான்காக்கின் முதல் இசைத்தட்டு வரவிருந்த நேரம், பாடல்களின் வெளியீட்டு உரிமையை இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாதே, சொந்தமாக ஒரு வெளியீட்டு நிறுவனம் பதிந்து அதில் வைத்துக்கொள் என்றார் பேர்ட். ஹான்காக் அப்படியே செய்தார். அந்த இசைத்தட்டில் இருந்த ஒரு துண்டு, சிறுவயதில் அவர் தெருவில் கேட்ட வத்தகப்பழ வண்டியின் சத்தத்திலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டு மொங்கோ சாண்டமரியா என்ற கியூபக் கலைஞர் அதைத் தம் பாணியில் வாசித்தார். அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. உரிமை கையில் இருந்ததால் பணம் ஹான்காக்கின் வீட்டுக்கு வந்தது. விரல் வேகம் மட்டும் இருந்து அந்தப் பத்திரம் இல்லாமற் போயிருந்தால், வேறொருவர் பணக்காரராகியிருப்பார்.

1963 முதல் ஐந்து ஆண்டுகள் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தார். ஜாஸ் உலகில் அது பெரிய குருகுலவாசம். ஒருமுறை மேடையில் ஹான்காக் பிழையான ஒரு கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) அழுத்திவிட, டேவிஸ் ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பிழையையே சரியாக்கும் சுரங்களை வாசித்தாராம். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டீர்களே. நம் கச்சேரியில் கற்பனைசுரம் பாடுவதும், தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் ஊரான அளவெட்டியில் தனி ஆவர்த்தனம் கேட்டுத் தலையாட்டுவதும் உங்களுக்குப் புதிதல்லவே. கணக்குக்குள் நின்று அந்தக் கணமே படைப்பது. இலக்கணம் வேறு, துணிச்சல் ஒன்று.

குழுவில் இருந்த காலத்திலேயே விளம்பரத்துக்கு இசை எழுதினார், 1966 இல் திரைப்படத்துக்கு இசையமைத்தார். எழுபதுகளில், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரை மேடையேற்றிய முன்னோடிகளில் ஒருவரானார். அந்தக் கருவிகளைக் கண்டு அவர் மிரளாததற்கு, பாதியில் விட்ட மின் பொறியியலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1987 இல் இசையமைப்புக்கு ஒஸ்கார். 2008 இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குக் கிராமி. அப்போது அவருக்கு வயது 67.

உங்கள் மகன் ஹான்காக் ஆவானா? எனக்கு அது தேவையற்ற கேள்வி. பொறியியற் பீடத்துக்குப் போகும் எல்லோரும் பாலம் கட்டுகிறார்களா என்று நாம் கேட்பதில்லை. பார்க்க வேண்டியது, அவனுக்கு வாசிப்பதோடு வேறென்ன வருகிறது என்பது. கேட்டதைச் சுரமாக எழுதுவானா? பாட்டுக்காரருக்கு ஏற்ப உடனே சுருதி மாற்றுவானா? ஒலிப்பதிவு தெரியுமா? தேவாலயப் பாடகர் குழு, கலியாண வீட்டு இசைக்குழு, குறும்பட இசை, பிள்ளைகளுக்கு வகுப்பு என்று யாழ்ப்பாணத்தில் இசையால் உண்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து வேலையைச் சேர்த்தே செய்கிறார்கள்.

உயர்தரத்தை விடச் சொல்லமாட்டேன். கணிதப் பிரிவிலேயே எழுதி முடிக்கட்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடம் கிடைத்தால் போகட்டும். இடையில் ஏபிஆர்எஸ்எம் அல்லது ட்ரினிட்டி என்ற பிரித்தானிய அமைப்புகளின் இசைத் தேர்வுகளுக்கு ஆயத்தமாகலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் தரமும் அதற்கு மேலும் வாசிக்க ஐந்தாம் தர இசைக் கோட்பாடு போன்றதொரு தகுதி கட்டாயம். கணிதம் வருகிற பிள்ளைக்குக் கோட்பாடு இனிக்கும். காணொளியாகப் பதிந்து அனுப்பும் தேர்வும் இருப்பதால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், மருதனார்மடத்தில் இசைப் பட்டம் உண்டு, ஆனால் அது கர்நாடக சங்கீதத்துக்கு. மேலைத்தேய இசையில் பட்டம் வேண்டுமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாடத் தகைமையைப் பார்த்துவிட்டு, உளச்சார்புப் பரீட்சைக்குத் தயாராக வேண்டும். கனடாவில் இருக்கும் தம்பி "இங்கே அனுப்புங்கள்" என்கிறார் என்றீர்கள். கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. அவன் மெட்டுப் போட்டால் திகதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். "பெயர் வரும், தம்பி" என்று ஏமாற்றி எழுதி வாங்கும் ஆட்கள் இங்கும் உண்டு. ஒப்பந்தத்தை நீங்கள் வாசித்துப் பாருங்கள், பத்திரம் படித்துப் பழகிய கண் உங்களுடையது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கீபோர்ட்டையும் கொண்டுவாருங்கள், அதன் மின்னிணைப்புக் கம்பி தனியாக எங்காவது ஒளித்துவைக்கப்பட்டிருந்தால், அதையும் தேடி எடுத்து வாருங்கள்.