வலுதூக்கும் மேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரப்போவது என் முதல் வலுதூக்கும் போட்டி. 83 கிலோ பிரிவு. ஜிம்மில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 170 கிலோ, பெஞ்ச் (படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளுவது) 110, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிற்பது) 200 போட்டிருக்கிறேன். ஸ்குவாட் முதல் முயற்சியிலேயே 165 கேட்டு அசத்திவிடு என்கிறார்கள் நண்பர்கள். கேட்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: வேண்டாம் தம்பி. ஒவ்வொரு வகைக்கும் மூன்று முயற்சி; மூன்று வகையிலும் சிறந்ததைக் கூட்டினால் வருவதுதான் டோட்டல். மூன்று ஸ்குவாட்டும் போய்விட்டால் அதற்கப்புறம் பெஞ்சிலும் டெட்லிஃப்டிலும் என்ன தூக்கினாலும் உங்களுக்கு டோட்டல் கிடையாது. முதல் முயற்சிக்கு ஒரே அளவுகோல்தான்: தூக்கம் கெட்ட நாளிலும் ஜிம்மில் மூன்று தடவை தூக்கக்கூடிய எடையா? உங்கள் உச்சத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அது.

அதற்கு முன்னால் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த 110 பெஞ்ச், பாரை நெஞ்சில் அசையாமல் நிறுத்தித் தூக்கியதா, தொட்டவுடன் தள்ளியதா? தொட்டுத் தள்ளியது என்றால் மேடையில் அதில் 5 முதல் 10 கிலோ கழிந்துவிடும். அடுத்தது பிளேட். போட்டிக்குரிய 20 கிலோ பிளேட்டில் 50 கிராம்தான் கூடக்குறைய இருக்கலாம். பழைய ஜிம் பிளேட்டில் 20 என்று அச்சடித்திருந்தாலும் எடை அரைக் கிலோவுக்கு மேல் மாறியிருப்பது சகஜம். வீட்டுத் தராசை எடுத்துப்போய் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். பார் 20, பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு காலரும் சேர்ந்து 5, ஆக 25 கிலோவில் கணக்கு தொடங்குகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஸ்குவாட் 152.5, 162.5, 170, பெஞ்ச் 97.5, 105, 110. டெட்லிஃப்ட் 180, 192.5, 200 என்று போகலாம். மூன்றாவது எண்ணை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். இரண்டாவது முயற்சி எப்படிப் போனது என்று பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான். சொல்லாவிட்டால், தூக்கியிருந்தால் 2.5 கிலோ தானாகக் கூடும். தவறியிருந்தால் அதே எடை திரும்ப வரும். முதல் முயற்சியைச் சுற்று தொடங்குவதற்கு முன் ஒரு தடவை மாற்றலாம். ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் இரண்டாவது, மூன்றாவது எடைகளைச் சொன்னால் சொன்னதுதான். டெட்லிஃப்டின் மூன்றாவது முயற்சிக்கு மட்டும் இரண்டு மாற்றம் உண்டு. பதக்கக் கணக்கெல்லாம் அங்கேதான் நடக்கும்.

ஸ்குவாட் வார்ம்-அப்புக்கு 60 கிலோவில் ஐந்து தடவை, 90ல் மூன்று, 115ல் இரண்டு, பிறகு 130லும் 142.5லும் ஒவ்வொன்று போதும். கடைசித் தூக்கு உங்கள் முறைக்குப் பத்து நிமிடம் முன்னால் முடிய வேண்டும். மேடையில் குறைந்த எடையிலிருந்து ஏறுவரிசையில் கூப்பிடுவார்கள், ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டால் கடிகாரமே வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டு அரைமணி முன்னதாகவே முடித்துவிட்டு, உடம்பு ஆறிப்போய் மேடையேறுகிறார்கள்.

கட்டளைகளை இன்றிலிருந்தே ஜிம்மில் யாரையாவது கத்தச் சொல்லிப் பழகுங்கள். ஸ்குவாட்டுக்கு ‘ஸ்குவாட்’, ‘ராக்’. பெஞ்சுக்கு ‘ஸ்டார்ட்’, ‘பிரஸ்’, ‘ராக்’. டெட்லிஃப்டுக்கு ‘டவுன்’ மட்டும். பெஞ்சில் கை நீட்டி முடித்ததும் ‘ராக்’ வருமுன் பாரைக் கொண்டிக்குத் தள்ளிவிடுவதுதான் முதல் போட்டிக்காரர்களிடம் அதிகம் பார்க்கும் தப்பு. பலம் இருந்தும் அந்த முயற்சி போய்விடுகிறது.

கேள்வி: நான் நன்றாக உட்கார்ந்துதான் எழுகிறேன், கண்ணாடியிலும் தெரிகிறது. ஆனாலும் போன போட்டியில் ஸ்குவாட்டுக்கு மூன்று நடுவரில் இருவர் சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள், தூக்கு செல்லவில்லை. நடுவர்கள் கறாரா, என்னிடம்தான் கோளாறா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: கண்ணாடிதான் கோளாறு. விதிப்படி இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு, முழங்காலின் உச்சியைவிடத் தாழ வேண்டும். தொடையின் அடிப்பக்கம் தரைக்கு இணையாக வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடை பருத்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நான்கு விரற்கடை வித்தியாசம். முன்னாலிருக்கும் கண்ணாடியில் இது தெரியவே தெரியாது. அந்தக் கோட்டைப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் இரு நடுவர்கள்தான் தெளிவாகப் பார்க்கிறார்கள். விளக்கு எரிந்த பிறகு நடுவர் காட்டும் அட்டையையும் கவனியுங்கள். ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை என்றால் ஆழம் போதவில்லை.

செல்போனை நேர் பக்கவாட்டில், நீங்கள் உட்காரும்போது இடுப்பு வரும் உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். தரையில் வைத்து எடுத்தால் அந்தக் கோணம் உங்களை ஏமாற்றும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கணுக்கால் விறைப்பாக இருந்தால் கீழே போகும்போது குதிகால் மேலெழும். சுமார் 2 செ.மீ. குதி உயர்ந்த பளுதூக்கும் ஷூ போட்டாலே பாதி தீர்ந்துவிடும். இரண்டாவது பெல்ட். தாழக் கட்டினால் கீழே போனதும் அது தொடையில் முட்டி நிறுத்திவிடும். ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மூன்றாவது பயம். 120 கிலோவரை ஆழமாகப் போகிறவர் 150க்கு மேல் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் ஒரு விரல் உயர்ந்துகொண்டே வருவார், அவருக்கே தெரியாது. இதற்கு மருந்து, உச்ச எடையில் 65–70 சதவீதம் ஏற்றி, அடியில் இரண்டு விநாடி நின்று எழுவது. நான்கு செட், செட்டுக்கு மூன்று, வாரம் ஒரு நாள், ஆறு வாரம். நிற்கும்போது நெஞ்சுக்காற்றை விட்டுவிடக் கூடாது. விட்டால் முதுகு வளையும்.

கேள்வி: புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் இல்லை. நான் 63 கிலோ பிரிவில் இருக்கிறேன். அந்த மாதம் பலம் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா.
– வாசகி, டோங்காட்

பதில்: விரதத்தால் இறங்காது, கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டால் இறங்கும். 2024 அக்டோபரில் சன் சிட்டியில் நடந்த காமன்வெல்த் வலுதூக்கும் போட்டியே புரட்டாசிக்குள்தான் வந்தது. ஆகவே இது நம்மவர்கள் ஒழுங்காகத் திட்டமிட வேண்டிய விஷயம்தான்.

உடல் எடையில் கிலோவுக்கு 1.8 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 113 கிராம் வேண்டும். சோயா மின்ஸ் உலர்ந்த எடையில் 60 கிராம் போட்டால் 30 கிராம் புரதம். வெந்த சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற பயறு) 250 கிராமில் ஏறக்குறைய 21. பனீர் 100 கிராமில் 18. அமாசி (புளித்த பால்) அரை லிட்டரில் 16. நிலக்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் 7 அல்லது 8. வே புரோட்டீன் ஒரு கரண்டியில் 24; பாலிலிருந்து வருவதால் விரதத்துக்கு ஆட்சேபம் இருக்காது, வாசனைப் பொருட்களை மட்டும் டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூட்டினால் 115ஐத் தாண்டும். சோற்றிலும் ரொட்டியிலும் வருவது தனி.

தசைக்குப் பலம் கூட்டும் துணைச்சத்தான கிரியாட்டின் தினம் 3 முதல் 5 கிராம். இறைச்சி சாப்பிடாதவர்கள் தசையில் கிரியாட்டின் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு இது கூடுதலாகவே பலன் தரும். தூளாக வாங்குங்கள், மாத்திரைக் கூடுகள் பெரும்பாலும் மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின்.

புரட்டாசி முதல் நாளே பீன்ஸைக் குவிக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் வயிறு பொறுக்கும். எடைப் பிரிவின் விளிம்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நார்ச்சத்து கூடினால் குடலில் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் தங்கும். எடை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பீன்ஸை நிறுத்தி, வெள்ளைச் சோறு, பாசிப்பருப்பு, பனீர் என்று மாறிவிடுங்கள். தண்ணீரை நிறுத்தி எடை குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தொடங்குகிறது, வற்றிய உடம்பு அதற்குள் தேறாது.

கேள்வி: வயது 52. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மாஸ்டர்ஸ் (மூத்தோர்) பிரிவில் இறங்கலாமா?
– வாசகர், லெனேசியா

பதில்: இறங்கலாம் ஐயா, 50 முதல் 59 வரை மாஸ்டர்ஸ் இரண்டாம் பிரிவு. ஆனால் மாத்திரைப் பெட்டியை முதலில் படியுங்கள். ‘நீர் மாத்திரை’ எனப்படும் ஹைட்ரோகுளோரோதையசைட், இன்டபமைட், ஃபுரோசமைட் மூன்றும் ஊக்கமருந்து விதிப்படி எல்லா நேரமும் தடைசெய்யப்பட்டவை. ரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் முதல் இரண்டும் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். அம்லோடிபினுக்குத் தடையில்லை. மெட்ஃபார்மினுக்கும் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி வாங்கியாக வேண்டும்; உள்நாட்டுப் போட்டிகளுக்கு அதைக் கவனிப்பது தென்னாப்பிரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம். தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் மீறல் இல்லாமல் போகாது. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது, மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் சில விநாடிகளுக்கு வெகுவாக ஏறும். கட்டுக்குள் வராத அழுத்தத்தோடு அதிக எடை ஆகாது. அதுவரை ஐந்து, ஆறு தடவை தூக்கக்கூடிய எடையில், எழும்போது காற்றை மெல்ல விட்டுப் பழகுங்கள்.

கேள்வி: பெஞ்சில் முதுகை வளைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாமே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வரவில்லை. சர்வதேச வலுதூக்கும் சம்மேளனம் 2023 ஜனவரி முதல் கேட்பது, பார் நெஞ்சில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பாகம் தோள்மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ கீழாகவோ வர வேண்டும் என்பதை மட்டுமே. வளைவு உங்கள் சௌகரியம். மிக அகலப் பிடித்து, மிக உயர வளைத்து, இரண்டு அங்குலம் மட்டும் பாரை நகர்த்தியவர்களுக்குத்தான் சிக்கல். பிடியை இரு பக்கமும் ஒரு விரல் உள்ளே கொண்டுவந்தால் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: நம் நாட்டில் உலகப் போட்டி நடந்ததுண்டா?
– மாணவர், வெருலம்

பதில்: உலக கிளாசிக் போட்டி (எடை தூக்க உதவும் விறைப்பான உடைகள் இல்லாமல் நடப்பது) 2014ல் பொச்செஃப்ஸ்ட்ரூமிலும் 2022ல் சன் சிட்டியிலும் நடந்தது. டர்பன்காரர் ஒருவரையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1936ல் அங்கே பிறந்த பிரெஷஸ் மெக்கென்சி. நிறவெறிக் காலத்தில் இங்கே இடம் மறுக்கப்பட்டு, ஒலிம்பிக் வகைப் பளுதூக்குதலில் இங்கிலாந்துக்காக மூன்று காமன்வெல்த் தங்கமும் 1978ல் நியூசிலாந்துக்காக ஒன்றும் வென்றார். பின்னர் வலுதூக்கலுக்கும் வந்தார்.

கேள்வி: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போட்டிக்குப் போகிறோம். உயரத்தால் பலம் குறையுமா? கையில் தோலும் கிழிகிறது.
– வாசகர், இசிபிங்கோ

பதில்: ஒற்றைத் தூக்கு சில விநாடிதான், அதற்கு மூச்சுக்காற்றின் தயவு அதிகம் வேண்டாம். 1,700 மீட்டர் உயரம் பாதிப்பது வார்ம்-அப்பை. செட்டுகளுக்கு இடையே ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஓய்வெடுங்கள். உயரத்தைவிட ஆறு மணி நேரக் கார்ப் பயணம் இடுப்பைக் கெடுக்கும். முந்தைய நாளே கிளம்பி, வழியில் ஹாரிஸ்மித்தில் இறங்கி நடந்துவிட்டுப் போங்கள்.

அங்கே காற்று வறண்டது, குறிப்பாகக் குளிர்காலத்தில். காய்ப்பை ஒரு வாரம் முன்பே குளித்த பிறகு நுரைக்கல்லால் சமமாகத் தேய்த்து, இரவில் கிரீம் பூசுங்கள். போட்டியன்று எண்ணெய்ப் பசை எதுவும் கூடாது, விதியே அனுமதிக்காது. பிடிக்கான சாக் தூளை உள்ளங்கையோடு கட்டைவிரலின் உட்பக்கத்துக்கும் பூசுங்கள், பார் வழுக்குவது அங்கேதான். டெட்லிஃப்டுக்குத் தொடையில் டால்கம் பவுடர் போடுவதானால் கூட வந்தவர் போடட்டும். உங்கள் கையில் பட்டால் பிடி போச்சு.