கேளுங்கள், சொல்கிறேன்: டாக்ஸி ஓட்டிய இசையமைப்பாளர்

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் டாக்ஸி ஓட்டினார் என்கிறார்களே, நிஜமா?
(கல்லூரி மாணவர், கரூர்)

நிஜம்தான். பிளம்பர் வேலையும் பார்த்தார். நியூயார்க்கில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பொருத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். ஆளை அடையாளம் கண்டுகொண்டு, நீங்கள் கலைஞராயிற்றே என்று பதறியிருக்கிறார். அவ்வப்போது பிளம்பரும்கூட, கொஞ்சம் நகர்ந்தால் வேலையை முடித்துவிடுவேன் என்றாராம் கிளாஸ்.

1976-இல் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' ஓபராவுக்கு, அதாவது மேடை இசை நாடகத்துக்கு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸ் நிரம்பி வழிந்தது. ஏறக்குறைய 5 மணி நேரம், இடைவேளை கிடையாது. வேண்டியவர் எழுந்து போய்விட்டு வரலாம். (கச்சேரியில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்பும் நம் சபாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.) கூட்டம் வந்தும் கடன்தான் மிஞ்சியது. திரும்பவும் டாக்ஸி! நாற்பது வயது தாண்டிய பிறகுதான் இசையை மட்டும் நம்பிச் சோறு சாப்பிட முடிந்தது.

கேள்வி: நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரே சங்கதியைப் போட்டு அரைக்கிறாரே, இதில் என்ன இருக்கிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை)

அம்மா, தாளம் போட்டுக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். 1960-களில் கிளாஸ் பாரிஸில் இசை ஆசிரியை நதியா பூலான்ஜேயிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார். 'சப்பாக்குவா' படத்துக்கு இசையமைக்க சிதார் கலைஞர் ரவிசங்கர் அங்கே வந்தார். அவர் வாசிப்பதை பிரெஞ்சு வாத்தியக்காரர்களுக்காக மேற்கத்திய முறையில் எழுதித்தரும் வேலை கிளாஸுக்கு. வழக்கப்படி தாள அளவுக்குக் கோடு போட்டு ஸ்வரங்களைப் பிரித்து எழுதினால், அழுத்தம் விழக்கூடாத இடத்தில் விழுந்தது. தபலா மேதை அல்லா ரக்கா ஒவ்வொரு தடவையும் தப்பு என்றார். அலுத்துப்போய் எல்லாக் கோட்டையும் அழித்தார் கிளாஸ். ஸ்வரங்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. நாம் சொல்லும் தக, தகிடதான்!

அந்தக் கணக்கை வைத்துத்தான் பின்னால் கட்டினார். 1968-இல் எழுதிய 'டூ பேஜஸ்' ஐந்து ஸ்வரத்தில் தொடங்கும். அப்புறம் அந்த வரிசை நீளும், குறுகும். எண்ணாமல் கேட்டால் அரைப்பதுபோலத்தான் இருக்கும். சரி, உங்கள் பக்கமும் நியாயம் உண்டு: அவருடைய சில சினிமாப் பின்னணிகள் எனக்கும் அலுப்புத்தான்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
(வாசகர், தூத்துக்குடி)

தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தைப் பற்றிய 'சத்தியாகிரகா' ஓபரா. 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. பாடுவது முழுக்க சமஸ்கிருதம், எல்லாம் கீதையிலிருந்து. நேரே கடைசிக் காட்சிக்குப் போங்கள். காந்தி ஒரே ஆரோகணத்தை (ஏறும் ஸ்வர வரிசையை) 30 தடவை பாடுவார். வார்த்தைகள் 'யதா யதா ஹி தர்மஸ்ய' வரும் நான்காம் அத்தியாயத்தினுடையவை. ஸ்வரங்களைப் பார்த்தால் நம் தோடி ராகம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.